ஆற்றுக்கு வடக்கே கிடையாது

பிப்ரவரி 9

தேரிச் செம்மணல் காட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. மினி பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஜெபக்கனி அம்மாள் வீட்டுக்கு நடப்பதற்குள் செருப்பு, வேட்டி, மூக்கு எல்லாம் சிவப்பு மண். போன வருஷம் தங்கிய அதே பின்னறைதான். அதே கயிற்றுக் கட்டில். ஜெபக்கனி பெரிய மனது பண்ணி மின்விசிறியை மட்டும் மாற்றியிருக்கிறார். பழையது சத்தம் போட்டுக்கொண்டு சுற்றும். புதியது சத்தம் மட்டும் போடுகிறது.

இது எனக்குக் கடைசி மாசி. மே மாதம் கல்லூரியிலிருந்து ஓய்வு. அதற்குப் பிறகு விலங்கியல் துறைப் பக்கம் போனால் பியூன்கூட எழுந்திருக்க மாட்டான். அதற்குள் அந்த ஈயின் பெண்ணைப் பிடித்தாக வேண்டும்.

பார்ப்பதற்குத் தேனீ மாதிரி இருக்கும், ஆனால் ஈ. கொடுக்கு கிடையாது. மாசி வாக்கில் மண்ணைவிட்டு வெளியே வந்து இரண்டு மூன்று வாரம் பறக்கும். மீதி வருஷமெல்லாம் மண்ணுக்குள் புழுவாகக் கிடக்கும். தரையில் குழி தோண்டி வாழும் காட்டுத் தேனீக்களின் பொந்துக்குள் இருந்துகொண்டு அவற்றின் குஞ்சையே தின்று வளரும் சாமர்த்தியசாலி. இந்த இனத்தின் ஆணைக் கண்டுபிடித்து, விவரம் எழுதி, எங்கெங்கே வாழ்கிறது என்று வரைபடமும் போட்டு அச்சில் கொண்டுவந்தவன் நான். பெண் மட்டும் இன்றுவரை சிக்கவில்லை. பாதிக் கிணறு தாண்டிவிட்டு நிற்கிறேன்.

மாலையில் வடிவு போன் பண்ணினாள். என் தங்கை சங்கரவடிவு. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. வயிற்று வலி என்று மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்களாம். மாத்திரைகூட அதிகம் எழுதிக் கொடுக்கவில்லையாம். நல்ல செய்தி.

எப்போது வருவாய் என்று கேட்டாள். சீசன் முடியட்டும் என்றேன்.

பிப்ரவரி 10

நாள் முழுக்கக் காற்று. ஒரு ஈ, எறும்பு இல்லை.

பிப்ரவரி 12

ஒன்று கிடைத்தது. கொழிஞ்சிப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆண்.

இத்தனை வருஷமாகியும் இதைப் பார்த்தால் எனக்கு அலுக்கவில்லை. உடம்பு முழுக்கப் பழுப்பு மஞ்சளில் பூனை ரோமம். முகத்திலிருந்து நேராக நீட்டிக்கொண்டு ஒரு நீண்ட ஊசிமூக்கு. மடக்கத் தெரியாது, பறக்கும்போதும் அப்படியே நீட்டிக்கொண்டுதான் போகும். இறக்கையின் முன்பாதி தேத்தண்ணீர் கொட்டிய மாதிரி கறுப்புப் பழுப்பு, பின்பாதி கண்ணாடி. கால்கள் நூல். உட்கார்ந்தாலும் இறக்கையை மடக்காது.

ஆணா பெண்ணா என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆணுக்கு இரண்டு கண்ணும் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். பெண்ணுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது.

ஜெபக்கனிக்குக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த ஒரு ஈக்காகவா ஒரு மனுஷன் வேகாத வெயிலில் வலையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சைவம் என்று தெரிந்தும் கருவாட்டுச் சட்டியைக் கழுவி அதிலேயே எனக்குப் புளிக்குழம்பு வைத்தார். அதுதான் தப்பு.

பிப்ரவரி 14

வடிவு பேசினாள். லைன் சரியில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. இந்தத் தேரியில் டவர் ஒருநாளும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

காற்றுக்காகப் பின்வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைக்கிறார்களாம். அங்கே ஒரு பூச்சி தினமும் பத்து மணிக்கு மேல் வருகிறதாம்.

"அந்தரத்துல அசையாம நிக்குதுண்ணே. ஊசி மாதிரி மூக்கு. நான் ஊசிமூக்கன்னு பேரே வச்சுட்டேன். றெக்கையில பாதி மட்டும் கறை புடிச்சாப்ல இருக்கு. நீ தேடுதியே, அதுதானா இது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரிசலில் இது இருக்காது என்று விளக்கினேன். இந்த ஈ தாமிரபரணிக்குத் தெற்கே, தேரி மணலில்தான் உண்டு. ஆற்றுக்கு வடக்கே கிடையாது. மண் பொலபொலவென்று இருந்தால்தான் காட்டுத் தேனீ குழி போடும்; தேனீ இருந்தால்தான் இந்த ஈ இருக்கும். கரிசல் மழையில் சேறு, வெயிலில் பாளம். அங்கே எந்தத் தேனீ குடும்பம் நடத்தும்? அவள் பார்த்தது வேறு ஏதாவது பூ ஈயாக இருக்கும்.

"அப்படியா, சரி" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் இப்படித்தான், நான் சொன்னால் சரி என்றுவிடுவாள். பிறகு, பெண்ணை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டாள். பேச்சை வளர்க்கத்தான் கேட்கிறாள் என்று தோன்றியது. கண்ணைப் பற்றிச் சொன்னேன். விலகி இருந்தால் பொம்பளை, ஒட்டி இருந்தால் ஆம்பளை என்று இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 15

காலுறை இரண்டும் காணோம். ஜெபக்கனியின் நாய்மேல் சந்தேகம்.

பிப்ரவரி 17

வடிவின் புருஷன் பிச்சையா போனிலிருந்து ஒரு படம் வந்தது. வடிவுதான் எடுக்கச் சொல்லியிருக்கிறாள். பூச்சியைக் காணோம், வெறும் மண் குவியல். அதில் சின்னச் சின்னத் துளைகள், எறும்புப் புற்று போல. மண் நல்ல சிவப்பாக விழுந்திருக்கிறது. கரிசல் ஊரில் ஏது சிவப்பு மண்? இந்த மலிவுப் போன்களில் எந்த நிறமும் உள்ளபடி விழுவதில்லை. படம் கிடைத்தது என்று பதில் போட்டேன்.

கூடவே பிச்சையா ஒரு வரி எழுதியிருந்தார். சாப்பாடு இறங்கவில்லையாம், கஞ்சித் தண்ணீர் மட்டும் குடிக்கிறாளாம். வெயில் ஏறினால் யாருக்கும் சாப்பாடு இறங்காதுதான். மோர் கொடுக்கச் சொன்னேன்.

இன்று இரண்டு ஆண்கள்.

பிப்ரவரி 19

இன்றைக்கு ஜெபக்கனி என் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்.

இலையில் சோற்றைப் போட்டுவிட்டுத் தங்கச்சிக்கு எப்படி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தேறி வருகிறாள் என்றேன். கரண்டியோடு அப்படியே நின்றார். சாப்பாடு இறங்குகிறதா, எழுந்து நடக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன்.

"பெரியாஸ்பத்திரியில மாத்திரையும் எழுதாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாத ஆளா சார் நீங்க? எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் அனுப்புனாவ."

அவருடைய வீட்டுக்காரருக்கு வந்த வியாதி வேறு, வடிவுக்கு வந்திருப்பது வேறு என்று சொன்னேன். என்ன வியாதி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

அறைக்கு வந்து பையைக் கட்டினேன். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால் இரவுக்குள் கோவில்பட்டி போய்விடலாம். நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே உடைமரத்தடியில் மண்ணை ஒட்டித் தாழ்வாக ஒன்று பறந்தது. பூவை விட்டுவிட்டுத் தரையையே சுற்றினால் பெண்ணாக இருக்கலாம் அல்லவா? பையைப் போட்டுவிட்டு வலையோடு ஓடினேன். வேலிக்குள் புகுந்து, முள்ளில் வேட்டியைக் கிழித்துக்கொண்டு, ஒருவழியாகப் பிடித்தும்விட்டேன். லென்ஸை எடுத்துக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பஸ் போகும் சத்தம் கேட்டது.

கண்கள் ஒட்டியிருந்தன.

பிப்ரவரி 20

காலையில் போயிருக்கலாம்தான். இன்று வெயில் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. இப்படி ஒரு நாள் இந்த சீசனில் வரவில்லை.

எனக்கு அவளைப் பார்க்கப் பயம் என்று ஜெபக்கனி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. போன மாதம் மதுரைக்குப் போய்ப் பார்த்தேனே. வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டிருந்தது. அது நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருந்தாள். அம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் நூல் சுற்றினோம். வார்டுக்கு வெளியே டீ குடிக்கப் போன நான் திரும்பி உள்ளே போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனில் சொன்னேன்.

நாலு ஆண்கள். பெண் இல்லை.

பிப்ரவரி 22

காலையில் வடிவு. பிச்சையா போனைப் பிடித்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. அவர் மூச்சு விடுவதும் கேட்டது.

"அண்ணே, அது வாலைத் தரையில தட்டித் தட்டி மண்ணை எடுக்குது. பொறவு மேல எந்திரிச்சு நின்னு, அந்தத் துளைக்கு நேரா என்னத்தையோ சுண்டிச் சுண்டி விடுது. உங்க ஊர்ல அப்படிச் செய்யுதா?"

இந்த வகை ஈக்களில் பெண்தான் அப்படிச் செய்யும். முட்டை ஒட்டாமல் இருக்க மண்ணைப் பூசி, தேனீயின் பொந்துக்குள் அந்தரத்திலிருந்தே சுண்டும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை.

குளவியாக இருக்கும், கொட்டும், பக்கத்தில் போகாதே என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஆற்றுக்கு வடக்கே கிடையாது என்று அச்சில் வந்திருக்கிறது. அச்சில் கொண்டுவந்தவன் நான். அதனால்தான் சொன்னேன்.

பிறகு கேட்டாள்.

"அது எத்தன நாளைக்குண்ணே இருக்கும்?"

"ரெண்டு மூணு வாரம்."

"அவ்வளவுதானா? அப்ப சுருக்க வா. நான் சொல்லுதது அதுதானா இல்லையான்னு ஒரு நட வந்து பாத்துச் சொல்லிட்டுப் போ."

வாரேன் என்று சொன்னேன். சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். குளவி அப்படிச் சுண்டாது. எனக்குத் தெரிந்து வேறு எதுவும் அப்படிச் சுண்டாது.

தேரியின் மேற்குப் பகுதிக்குள் போக வனத்துறை நாளைக்கு ஒரு நாள்தான் அனுமதி கொடுத்திருக்கிறது. அதை முடித்துக்கொண்டு நாளை மறுநாள் முதல் பஸ்ஸில் போகிறேன். பிச்சையாவுக்கும் சொல்லிவிட்டேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடும்.

பிப்ரவரி 23

மேற்குப் பகுதி முழுக்கச் சுற்றினேன். ஒன்றும் இல்லை. பை கட்டியாகிவிட்டது.

பிப்ரவரி 24

வடிவு போய்விட்டாள். விடியற்காலை. நான் முதல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

பிப்ரவரி 28

நாலு நாளாக எழுதவில்லை. இப்போதும் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வடிவு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று கோவில்பட்டியில் இறங்கியதும்தான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பூச்சி வலை, பஞ்சு, குப்பிகள், குண்டூசிப் பெட்டி. பிறந்த வீட்டுக் கோடி கொண்டுபோக வேண்டும் என்பது நினைவே இல்லை. புருஷன் இருக்கப் போனவள். அண்ணன் கொண்டுவரும் சேலையைத்தான் கடைசியில் அவளுக்குப் போர்த்த வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே கடை திறக்கும்வரை படியில் காத்திருந்தேன். என்ன நிறம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஈயின் இறக்கையில் எத்தனை நரம்பு ஓடுகிறது என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். அவரே ஒரு அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தார்.

எனக்காகத்தான் அவளை எடுக்காமல் வைத்திருந்தார்கள். கோடியைப் போர்த்தினேன். கையில் அந்த நூல் சுற்றிய வளையல் இருந்தது. இந்தத் தடவை எழுந்து வெளியே போகவில்லை. போய் என்ன, இருந்து என்ன.

மார்ச் 1

இன்றுதான் பின்வாசலுக்குப் போனேன். இத்தனை நாள் அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

வேப்பமரத்தடியில் நாற்காலி அப்படியே கிடக்கிறது. அதற்கு எதிரே, சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மண் குவியல். சிவப்பு மண். போனின் கோளாறு இல்லை. குனிந்து ஒரு பிடி அள்ளினேன். அள்ளியதுமே தெரிந்துவிட்டது. முப்பது வருஷமாக என் செருப்பில் ஏறுகிற மண்.

பிச்சையாவைக் கேட்டேன். அவர் தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி, அதிகம் பேசாதவர். இப்போது இன்னும் குறைவு. கொல்லைப்புறம் ஒரு அறை இழுக்கலாம் என்று போன வருஷம் பேஸ்மட்டம் போட்டார்களாம். அதை நிரப்பத் தெற்கேயிருந்து லாரிக்காரன் கொண்டுவந்து தட்டிய மண்.

எதற்கு அறை என்று கேட்டேன். இந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர். எதற்கு அறை?

"உங்களுக்குத்தான் மச்சான். ரிட்டையர் ஆனா எங்க போயி ஹோட்டல் சோறு திம்பான், இங்க வந்து இருக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. முடிஞ்ச பொறவு காட்டணும்னு உங்ககிட்ட மூச்சுவிடக் கூடாதுன்னுட்டா."

அவள் படுத்ததும் வேலை நின்றுவிட்டதாம். நடுவில் கொத்தனார் வந்து, வீட்டில் ஆள் நடமாட இடைஞ்சலாக இருக்கிறதே, மண்ணையாவது அள்ளி உள்ளே கொட்டிவிடுகிறேன் என்றிருக்கிறார். வடிவு விடவில்லை. அண்ணன் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு கூடை அள்ளக் கூடாது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சண்டை பிடித்தாளாம். வந்து பார்ப்பான், வந்து பார்ப்பான் என்று.

குவியலில் துளைகள். காட்டுத் தேனீ ஒன்று துளைக்குள் போய்த் தலையை நீட்டிப் பார்த்தது. மண்ணோடு மண்ணாக லாரியில் வந்தவைதான். தேனீ வந்ததென்றால் அதன் பொந்துக்குள் இருந்ததும் வந்திருக்கும். இதை யோசிக்க ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. மண் எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. அவள் கேட்டதற்கெல்லாம் பாடம் நடத்தினேன்.

பத்து மணிக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஈ வரவில்லை. அதன் நாள் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 2

காலையில் பிச்சையா ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். துக்க வீட்டுச் சந்தடியில் மறந்தே போய்விட்டதாகச் சொன்னார். மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தது. அடியில் கொஞ்சம் சிவப்பு மண், வாடிப்போன ஒரு தும்பைப் பூ. பூவுக்குப் பக்கத்தில் ஒரு ஈ செத்துக் கிடந்தது.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் பிடித்ததாம். நான் அந்த நேரம் தேரியில் மேற்கே சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் நாளைக்கு வாரான், அதுக்குள்ள போயிட்டா என்ன செய்ய, புடிச்சு வையுங்க என்று ஒரே பிடிவாதமாம். பிச்சையா பாட்டிலை வைத்துக்கொண்டு அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அவள் நாற்காலியிலிருந்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சிரித்தாளாம்.

"பொழுது அடையுத வரைக்கும் பாட்டிலை மடியிலயே வச்சிருந்தா. கண்ணு விலகி இருக்கான்னு பாக்கணும்னா. எனக்கு ஒரு எழவும் தெரியல. அவளும் பாத்தா. ஒட்டுனாப்லதான் தெரியுது, ஆம்பளையாத்தான் இருக்கும், அண்ணனுக்கு ஆவாதுன்னு வருத்தப்பட்டுக்கிட்டே படுத்தா."

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பார்வை மங்கிவிட்டதாம். இதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். பிச்சையாவும் கூட வந்தார். ஈயை உள்ளங்கையில் கொட்டினேன். ஊசிமூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கை விரிந்தபடி, முன்பாதி கறை, பின்பாதி கண்ணாடி. லென்ஸை வைத்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

இரண்டு கண்ணுக்கும் நடுவில் நெற்றி அகலமாக, நன்றாக, தெளிவாக இருந்தது.

பிச்சையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மச்சான், அதுதானா?" என்று கேட்டார்.

எனக்கு அவரைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. நாற்காலியைப் பார்த்துத்தான் சொல்ல வந்தது.

"அதுதான் வடிவு. பொம்பளைதான்."

அப்புறம் எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. பிச்சையா என் கையிலிருந்து ஈயை வாங்கி, பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகி வைத்தார். கொத்தனாரை வரச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம், அவள் சொன்ன மாதிரி மண் அப்படியே கிடக்கட்டும் என்றேன். உள்ளே முட்டை இருக்கும். அடுத்த மாசிக்குத்தான் வெளியே வரும்.